பிக்கப் வண்டிக்கு ஒரு ஸ்கேனர்: வாங்குமுன் அறிய வேண்டியவை



சென்ற கார்த்திகை மாதம் ஒரு நாள் விருதுநகரில் துவரம்பருப்பும் உளுந்தும் ஏற்றிக்கொண்டு எங்கள் பிக்கப் வண்டி நாகர்கோவிலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. இரவு ஒன்பது மணிக்கு நாங்குநேரி தாண்டி டிரைவர் தம்பி போன் செய்தார். "அண்ணாச்சி, மஞ்ச லைட்டு எரியுது. வண்டி இழுக்கவே மாட்டேங்கு. நாப்பதுக்கு மேல போகல" என்றார். கண்ட பங்கில் டீசல் போட்டாயா என்று அவரைத்தான் முதலில் சத்தம் போட்டோம். அது எவ்வளவு பெரிய தவறு என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

வழியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டார்கள். எந்தக் கருவியையும் மாட்டிப் பார்க்காமலே, "பம்பு போய்விட்டது, இன்ஜெக்டரும் சேர்த்து எழுபதாயிரம் ஆகும்" என்று அங்கே சொல்லிவிட்டார்கள். சரக்கை வேறு வண்டிக்கு மாற்றினோம். இறக்குகூலி, ஏற்றுகூலி, வாடகை எல்லாம் இரட்டிப்பு. மறுநாள் தக்கலை, மார்த்தாண்டம் லைனுக்குப் போக வேண்டிய சரக்கு போகவில்லை. இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு மொத்தக் கடையில் வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு வண்டியைக் கட்டி இழுத்து நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்தோம். வாரன்டி காலம் முடிந்த வண்டி ஆகையால் பழகிய மெக்கானிக் ஒருவரிடம் காட்டினோம். அவர் கையடக்கமான ஒரு கருவியை ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டினார். ஐந்து நிமிடத்தில் "பி 0087" என்று ஒரு எண் வந்தது. டீசல் போகும் குழாயில் அழுத்தம் குறைவு என்பது அதன் பொருள். "இதுக்குப் பம்புதான் காரணம்னு சொல்ல முடியாது அண்ணாச்சி, முதல்ல ஃபில்டரப் பாப்போம்" என்று கழற்றினார். உள்ளே தண்ணீரும் அழுக்கும். ஃபில்டரை மாற்றி, குழாயில் இருந்த காற்றை எடுத்துவிட்டதும் வண்டி பழையபடி ஓடியது. செலவு இரண்டாயிரத்துக்கும் குறைவு.

ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது இறக்கிவிட வேண்டும். அதற்கு நேரம் ஒதுக்காதது முதலாளிகளாகிய எங்கள் குற்றம்; டிரைவர் தம்பியின் குற்றம் அல்ல. அவரிடம் அதைச் சொல்லிவிட்டோம்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு கடைக்கென்று ஒரு ஸ்கேனர் வாங்கினோம். அதை வாங்குவதிலும் இரண்டு முறை ஏமாந்தோம். நம் வணிகர்கள் அந்தச் செலவை மறுபடியும் செய்ய வேண்டாம் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

ஸ்கேனர் என்ன செய்கிறது?

கோட்டாறுக் கம்போளத்துக்கு மாட்டு வண்டியில் சரக்கு வந்த காலத்தில் அச்சு முறிந்தால் கண்ணுக்குத் தெரியும். பழைய டீசல் வண்டிகளில் கூட நல்ல மெக்கானிக் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். இன்றைய வண்டியில் டீசல் எவ்வளவு, எப்போது போக வேண்டும் என்பதை இ.சி.யு. என்ற கம்ப்யூட்டர் பெட்டி முடிவு செய்கிறது. கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ இரண்டு பார். காமன் ரயில் இன்ஜினின் குழாயில் டீசல் ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் நிற்கிறது. அந்த அழுத்தம், உள்ளே போகும் காற்று, வெப்பம், புகை எல்லாவற்றையும் சென்சார்கள் அளந்து பெட்டிக்குச் சொல்கின்றன. அளவு தவறினால் பெட்டி மஞ்சள் விளக்கை எரியவிட்டு, ஒரு எண்ணையும் எழுதி வைத்துக்கொள்கிறது. பெரிய கோளாறு என்றால் இன்ஜினைக் காப்பாற்ற வேகத்தையும் குறைத்துவிடுகிறது. எங்கள் வண்டி நாற்பதுக்கு மேல் போகாததற்குக் காரணம் இதுவே.

அந்த எண்ணைப் படித்துக் காட்டும் கருவிதான் ஸ்கேனர். எண்ணின் முதல் எழுத்து 'பி' என்றால் இன்ஜினும் கியரும். 'சி' என்றால் பிரேக் போன்ற அடிப்பகுதி. 'பி' போலவே ஒலிக்கும் ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து என்றால் கேபின் பகுதி. 'யு' என்றால் பெட்டிகளுக்கு இடையே தகவல் தொடர்பு. நமக்கு அதிகம் வருவது இன்ஜின் எண்களே. அவற்றில் எழுத்துக்கு அடுத்து 0 வந்தால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான எண். 1 வந்தால் அந்தந்தக் கம்பெனியே வைத்துக்கொண்ட எண். பொது எண்ணின் பொருளை எந்த ஸ்கேனரும் காட்டும். கம்பெனி எண்ணுக்கு அந்தக் கம்பெனியின் விவரம் உள்ள ஸ்கேனர் வேண்டும்.

முதலில் வண்டியின் வயதைப் பாருங்கள்

அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்தே ஒரே மாதிரியான 16 முனை சாக்கெட் கட்டாயமாயிற்று. நம் நாட்டில் இது படிப்படியாக வந்தது. பி.எஸ். 4 வண்டிகளுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் அமலாயின. ஆனால் 2010ல் பி.எஸ். 4 விதி சென்னை போன்ற பெருநகரங்களுக்கு மட்டுமே வந்தது. நாடு முழுவதும் வந்தது 2017 ஏப்ரல் 1 முதல்தான். பி.எஸ். 6 விதி 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது.

ஆகவே நம் மாவட்டத்தில் 2014, 2015ல் வாங்கிய டி.என். 74, டி.என். 75 பிக்கப்களில் பல பி.எஸ். 3 வண்டிகள். அவற்றில் சாக்கெட் இல்லாமலே இருக்கலாம். இருந்தாலும் பொதுவான ஸ்கேனரோடு பேசாமல் போகலாம். ஆர்.சி. புத்தகத்தையோ கார்டையோ எடுத்துப் பாருங்கள். பி.எஸ். 3 வண்டி வைத்திருப்பவர் ஸ்கேனருக்குச் செலவழிக்க அவசரப்பட வேண்டாம். நல்ல மெக்கானிக்கின் காதே அந்த வண்டிக்குப் போதும். பி.எஸ். 6 வண்டி வைத்திருப்பவருக்கு ஸ்கேனர் கட்டாயம் பயன்படும்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். நம் பிக்கப்களில் இருப்பது 12 வோல்ட். பெரிய லாரிகளில் 24 வோல்ட். 12 வோல்ட் கருவியை லாரியில் மாட்டினால் கருவி கருகிவிடலாம். 24 வோல்ட் வண்டிக்கான சாக்கெட்டின் நடுப்பள்ளத்தில் ஒரு தடுப்பு இருக்கும். மாட்டும்போது நுழையவில்லை என்றால் அழுத்தித் தள்ளாதீர்கள்.

மூன்று விலை, மூன்று வகை

முதல் வகை, சில நூறு ரூபாய் முதல் ஆயிரம் ரூபாய் வரை விற்கும் சிறிய புளூடூத் கட்டை. வண்டியில் மாட்டிவிட்டு செல்போனில் டார்க், கார் ஸ்கேனர் போன்ற ஒரு ஆப் மூலம் பார்க்க வேண்டும். இவற்றின் மேல் "எல்ம் 327" என்று எழுதியிருக்கும். அது கனடா நாட்டு எல்ம் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் செய்த சிப்பின் பெயர். அந்த நிறுவனம் 2022ல் மூடப்பட்டுவிட்டது. சந்தையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் அதைப் பார்த்துச் செய்த நகல்கள். "1.5 பதிப்பு, 2.1ஐ விடச் சிறந்தது" என்று விற்பனைக்காரர் சொல்வார். 1.5 என்று ஒரு பதிப்பை அந்த நிறுவனம் வெளியிட்டதே இல்லை. எனவே ஒட்டியிருக்கும் நம்பரை நம்பிப் பயனில்லை.

நாங்கள் முதலில் ஏமாந்தது இதில்தான். நானூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய கட்டை பக்கத்துக் கடைக்காரரின் காரோடு நன்றாகப் பேசியது. எங்கள் பிக்கப்போடு பேசவில்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாகத் திருப்பி அனுப்பும் செலவும் நம் தலையில் விழுந்தது.

இரண்டாவது வகை, ஏறத்தாழ 1,500 முதல் 5,000 ரூபாய் வரையிலான கையடக்கக் கருவி. தனித் திரையும் பொத்தான்களும் இருக்கும். போன் தேவையில்லை. வண்டி பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். டிரைவர் தம்பிகள் கையாள இதுவே எளிது. ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் வணிகருக்கு இந்த வகை போதும் என்பது எங்கள் முடிவு.

மூன்றாவது வகை, பத்தாயிரத்துக்கு மேல் தொடங்கிப் பல பத்தாயிரம் வரை போகும். கம்பெனி எண்களையும் படிக்கும், பிரேக் போன்ற மற்றப் பெட்டிகளோடும் பேசும், வண்டிக்குக் கட்டளையும் கொடுக்கும். லாஞ்ச், ஆட்டெல் என்ற பெயர்களில் வருபவற்றில் பல இவ்வகை. இவை ஒர்க்‌ஷாப்புக்கு உரியவை. ஆண்டுதோறும் புதுப்பிக்கப் பணம் கட்ட வேண்டுமா என்று கேட்காமல் வாங்கினால் அடுத்த ஆண்டு வருந்த நேரும்.

பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டியவை

1. உங்கள் வண்டியிலேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். "எல்லா வண்டிக்கும் ஆகும்" என்ற சொல்லை ஏற்காதீர்கள். இணையத்தில் வாங்கினால் திருப்பி எடுக்கும் வசதி உள்ளதை மட்டும் வாங்குங்கள்.

2. எண்ணை மட்டும் காட்டுகிறதா, ஓடும்போது அழுத்தம், வெப்பம், வோல்டேஜ் ஆகியவற்றையும் காட்டுகிறதா என்று பாருங்கள். பின்னதுதான் நமக்கு வேண்டும். எங்கள் மெக்கானிக் ஃபில்டரை மாற்றியபின் அழுத்தம் ஏறியதைத் திரையில் பார்த்துத்தான் வண்டியை விட்டார்.

3. கோளாறு வந்த நேரத்தில் வண்டியின் வேகம், இன்ஜின் சுற்று, வெப்பம் என்ன என்று பெட்டி ஒரு பதிவு வைத்திருக்கும். இதை ஃப்ரீஸ் ஃபிரேம் என்கிறார்கள். அதைக் காட்டும் கருவியாக வாங்குங்கள். டிரைவர் மேல் வீண்பழி போடாமல் இருக்க இது பெரிதும் உதவும்.

4. விளக்கு எரியுமுன்னே பதிவாகும் நிலுவை எண்களைப் படிக்கிறதா என்று கேளுங்கள். விருதுநகருக்கு வண்டியை அனுப்புமுன் முந்தின நாள் பார்த்துக்கொள்ள இது பயன்படும்.

5. புளூடூத் கட்டைதான் வாங்குவதென்றால் உங்கள் போனைச் சொல்லிக் கேளுங்கள். பழைய வகைப் புளூடூத் கட்டை ஆண்ட்ராய்டு போனில் ஓடும், ஐபோனில் ஓடாது. வேலை முடிந்ததும் கட்டையைக் கழற்றிவிட வேண்டும். மாட்டியே வைத்தால் பேட்டரி இறங்கும். பூட்டு இல்லாத கட்டையோடு வெளியாள் போனும் சேர்ந்துகொள்ளும்.

6. ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்குங்கள். வாரன்டிக்கு அதுவே ஆதாரம். உள்ளீட்டு வரி எடுக்கலாமா என்பதைக் கணக்காளரிடம் கேளுங்கள். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு அது கிடையாது.

அடிக்கடி வரும் எண்கள்

பி 0087: டீசல் அழுத்தம் குறைவு. முதலில் ஃபில்டர், பிறகு குழாயில் காற்று புகுகிறதா, கடைசியில்தான் பம்பு.

பி 0299: டர்போவின் காற்றழுத்தம் குறைவு. டர்போவைக் கழற்றுமுன் காற்றுக்குழாய்களில் கீறல் உள்ளதா, கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா பார்க்க வேண்டும்.

பி 0101: உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சாரின் கணக்கு சரியில்லை. ஏர் ஃபில்டரையும் அதன் பெட்டி மூடியையும் முதலில் பார்க்க வேண்டும்.

பி 0401: இ.ஜி.ஆர். வழியாகத் திரும்பும் புகை போதவில்லை. பெரும்பாலும் கரி அடைப்பு. சுத்தம் செய்தாலே சரியாவது உண்டு.

பி 0562: வோல்டேஜ் குறைவு. பேட்டரி, ஆல்டர்னேட்டர், டெர்மினல் பாருங்கள். இந்த எண்ணோடு வேறு நாலைந்து எண்களும் சேர்ந்து வந்தால் அவற்றைக் கண்டு பயப்பட வேண்டாம். மின்சாரம் குறைந்தால் எல்லாச் சென்சாரும் தப்பாகப் பேசும்.

பி 2463: டி.பி.எஃப். என்ற புகை வடிகட்டியில் கரி நிறைந்துவிட்டது. இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

நம் மாவட்டத்தில் இரண்டு பருவ மழையும் உண்டு. குளச்சல், முட்டம் பக்கம் லைன் போகும் வண்டிகளுக்கு உப்புக்காற்றும் உண்டு. சென்சார் போய்விட்டது என்று சொல்லுமுன் அதன் பிளக்கைக் கழற்றி, பச்சை படிந்திருக்கிறதா பார்த்துத் துடைத்து மாட்டச் சொல்லுங்கள். பல நேரம் அதுவே போதும்.

எண்ணைக் கண்டதும் முடிவு செய்யாதீர்கள்

எங்கள் இரண்டாவது ஏமாற்றத்துக்கு வேறு யார் மேலும் குறை சொல்ல முடியாது. கையடக்கக் கருவி வாங்கிய புதிதில் பி 0101 வந்தது. போனில் தேடினோம், காற்று அளக்கும் சென்சார் என்று வந்தது. மெக்கானிக் தயங்கினார். "நாங்கள்தான் பார்த்துவிட்டோமே, மாற்றும்" என்று கட்டாயப்படுத்தினோம். நாலாயிரம் ரூபாய்க்குப் புதுச் சென்சார் போட்டோம். மூன்றாம் நாள் அதே எண் திரும்ப வந்தது. பார்த்தால் ஏர் ஃபில்டர் பெட்டியின் ஒரு கிளிப் சரியாக மாட்டாமல் மூடி தூக்கி நின்றது. கிளிப்பை அழுத்திவிட்டதும் சரியாயிற்று. அதற்குக் காசு செலவே இல்லை.

தராசு எடையைத்தான் சொல்லும். மூடைக்குள் இருக்கும் அரிசி பழையதா புதியதா என்று கையை விட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஸ்கேனரும் அப்படியே. எங்கே பார்க்க வேண்டும் என்று அது சொல்கிறது. எதை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. "பம்பு போய்விட்டது" என்று ஒருவர் சொல்லும்போது "எண் என்ன வந்தது? அழுத்தம் எவ்வளவு காட்டுகிறது?" என்று கேட்கும் தைரியத்தை அது நமக்குக் கொடுக்கிறது. கொடுத்த காசுக்கு அந்தப் பலனே போதும்.

அழிக்கும் பொத்தானில் கவனம்

எல்லா ஸ்கேனரிலும் எண்ணை அழிக்கும் வசதி உண்டு. அழித்தால் விளக்கு அணையும். கோளாறு போகாது. கூடவே ஃப்ரீஸ் ஃபிரேம் பதிவும் அழிந்துபோகும். பிறகு மெக்கானிக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. எனவே எண்ணை ஒரு நோட்டில் தேதி, கிலோமீட்டரோடு எழுதி, திரையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, பழுது பார்த்த பிறகே அழிக்க வேண்டும்.

இதில் மிகவும் ஆபத்தானது புகை வடிகட்டி. பி.எஸ். 6 டீசல் வண்டியில் புகையின் கரி இதில் தங்கும். வண்டி ஒரே சீராக நெடுந்தூரம் ஓடும்போது வடிகட்டி சூடேறிக் கரி தானாகவே எரிந்துபோகும். நம் வண்டிகளோ வடசேரி சந்தையிலிருந்து கோட்டாறு, கோட்டாற்றிலிருந்து பார்வதிபுரம் என்று நின்று நின்று ஓடுபவை. சூடேற நேரமே கிடையாது. கரி சேர்ந்துகொண்டே போகும். எங்களுக்குத் தெரிந்த ஒரு வணிகரின் வண்டியில் டிரைவர் ஒவ்வொரு முறையும் விளக்கை ஸ்கேனரால் அணைத்துவிட்டு ஓட்டியிருக்கிறார். கடைசியில் வடிகட்டி முழுவதும் அடைத்து வண்டி நின்றது. ஸ்கேனர் வாங்கிய காசைப் போல் பல மடங்கு செலவாயிற்று.

டி.பி.எஃப். விளக்கு முதலில் எரிந்ததுமே வண்டியோடு கொடுத்த கையேட்டில் சொன்னபடி சீரான வேகத்தில் ஓட்ட வேண்டும். ஆரல்வாய்மொழி தாண்டி, காவல்கிணறு, வள்ளியூர் வரை நான்கு வழிச் சாலையில் ஒரு நடை போய்வரும் சரக்கு இருந்தால் அன்றைக்கு அந்த வண்டியையே அனுப்புங்கள். அதற்கும் அணையவில்லை என்றால், அல்லது விளக்கு சிவப்பானால், ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போக வேண்டும். நிறுத்தி வைத்தே கரியை எரிக்கும் கட்டளை மூன்றாம் வகை ஸ்கேனரில் இருக்கும். புகைக்குழாய் அப்போது கடுமையாகச் சூடேறும். சாக்கும் அட்டைப்பெட்டியும் அடுக்கிய குடோன் வாசலில் அதைச் செய்யவே கூடாது.

வாரன்டி உள்ள வண்டி என்றால் எண்ணைப் படித்துக்கொள்வதோடு நிறுத்துங்கள். அழிப்பதும் கழற்றுவதும் கம்பெனி சர்வீசில் நடக்கட்டும்.

கூடி வாங்கினால் லாபம்

ஒரு வண்டிக்கு மாதத்தில் ஒன்றிரண்டு முறைதான் ஸ்கேனர் வேண்டியிருக்கும். ஒரே தெருவில் உள்ள நான்கைந்து கடைக்காரர்கள் சேர்ந்து இரண்டாம் வகைக் கருவி ஒன்று வாங்கினால் ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஒரு கடையில் வைத்து, எடுத்தவர் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டால் போதும். வாங்குமுன் ஐந்து பேர் வண்டியிலும் மாட்டிப் பார்த்துவிட வேண்டும். எங்கள் தெருவில் இப்போது அப்படித்தான் நடக்கிறது. அந்த நோட்டைப் பார்த்தாலே எந்த வண்டிக்கு எந்த எண் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிகிறது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்களும் அதை எடுத்துக்கொண்டு போகிறார்கள். அண்மையில்தான் எண்களை அழித்திருக்கிறார்கள் என்பதையும் கருவி காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது எங்கள் கடையில் ஸ்கேனர் டிரைவர் தம்பியின் பொறுப்பில் இருக்கிறது. வெளியூர் லோடுக்குப் போகும் முந்தின நாள் மாலையில் அவரே மாட்டிப் பார்த்து, ஃபில்டர் தண்ணீரையும் இறக்கிவிட்டு, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். போன வாரம் பி 0562 வந்திருக்கிறது என்று காட்டினார். டெர்மினலைச் சுத்தம் செய்துவிட்டு அனுப்பினோம். வண்டி விடியுமுன் கோட்டாறு வந்து சேர்ந்துவிட்டது.